வாசகர் கேள்வி – பதில்: தேசாதிபதி முதல் ஆளுநர் வரை

சென்ற இதழில் மாகாண சபைகள் பற்றி நான் போகிற போக்கில் எழுதிய நான்கு வரிகளுக்குப் பதினெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கொழும்பில் இருந்து வந்தவை. பெரும்பாலானவை ஆளுநரையும் சட்டசபையையும் யார், எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்பதையே சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. ஆகவே சோதிடம், சினிமா, சமையல் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்தப் பக்கங்களை இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் படிப்பித்த காலத்தில் 'தேசாதிபதி' என்றுதான் வரலாற்றுப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தேன். பேரன் வானொலிச் செய்தியில் 'ஆளுநர்' என்று கேட்டுவிட்டு, இரண்டும் ஒன்றா என்கிறான். அன்று அவரை யார் தெரிவு செய்தார்கள், இன்று யார் தெரிவு செய்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: பதவியின் பெயர் ஒன்றுதான், அம்மா. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கவர்னர்' என்ற ஒரே சொல். சிங்களத்திலும் 'ஆண்டுகாரயா' என்ற ஒரே சொல். தமிழில் மட்டும் நாம் வெள்ளைக்காரரைத் தேசாதிபதி என்றும், சுதந்திரத்துக்குப் பின் பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக இருந்தவரை மகாதேசாதிபதி என்றும், 1987க்குப் பின் மாகாணத்துக்கு வந்தவரை ஆளுநர் என்றும் பிரித்து வழங்கினோம். சொல் மூன்றாகப் பிரிந்ததில் ஒரு வசதி உண்டு. ஆனால் பதவியின் தொடர்ச்சி நம் கண்ணில் படாமல் போனதும் அதனால்தான்.

ஒல்லாந்தர் காலத்துத் தேசாதிபதி பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைக்குக் கணக்குக் காட்டினார். ஆங்கிலேயர் 1796இல் கரையோரத்தைப் பிடித்த பின் சில ஆண்டுகள் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கை ஓங்கியிருந்தது. 1798இல் பிரெடெரிக் நோர்த் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியாக வந்தார். 1802இல் இலங்கை நேரடியாக முடிக்குரிய குடியேற்ற நாடானது. அதன் பிறகு 1948 வரை, இலண்டனில் குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சர் ஒருவரைத் தெரிந்தெடுப்பார், மன்னர் பெயரில் நியமனப் பத்திரம் வரும், அவர் கப்பலில் வந்து இறங்குவார். இங்கிருந்த எவரிடமும் ஒரு சொல் கேட்கப்பட்டதில்லை. அவர் பதவியில் இருப்பதும் இலண்டனின் விருப்பம் உள்ளவரைதான்.

பேரனுக்கு ஒரு தேசாதிபதியைக் காட்டிக் கொடுக்க வேண்டுமானால் டொரிங்டன் பிரபுவைக் காட்டுங்கள். 1847இல் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை எட்டவில்லை. அன்றைய பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசல் பிரபுவின் உறவினர். வந்த மறு ஆண்டே நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி போட்டார். மாத்தளையில் கலகம் மூண்டது. இராணுவச் சட்டத்தைக் கொண்டு அதை அடக்கிய விதம் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் விசாரணைக் குழு வரை போனது. 1850இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். அவரை அனுப்பியதும் இலண்டன், திருப்பி அழைத்ததும் இலண்டன். மாத்தளைக் குடியானவனுக்கு இரண்டிலும் பங்கில்லை.

அவர் பெயரால் விளங்கிய டொரிங்டன் சதுக்கமே பின்னர் சுதந்திர சதுக்கமானது. நீங்கள் கறுவாத்தோட்டப் பக்கம் பேருந்தில் போகும்போது வாட் பிளேஸ், ஹோர்ட்டன் பிளேஸ், பார்ன்ஸ் பிளேஸ், கிரகரி வீதி என்று வரிசையாகப் பெயர்ப் பலகைகள் வரும், எல்லாம் தேசாதிபதிமார். புறக்கோட்டையில் நாம் மரக்கறி வாங்கிய மெனிங் சந்தையும் ஒரு தேசாதிபதியின் பெயர்தான். அது பேலியகொடைக்குப் போனபோது பெயரும் கூடவே போனது.

இன்றைக்கு ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அரசியலமைப்பின் 154ஆ உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. இதைப் பற்றி வேறொரு வாசகர் விரிவாகக் கேட்டிருப்பதால் அங்கே பேசுவோம்.

கேள்வி: 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் தமிழர் இருந்தார்களா? சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1911இல் வாக்கு மூலம் வென்றார் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். யார் வாக்களித்தார்கள்?
– உயர்தர வகுப்பு மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, முதலில் சபையின் அமைப்பைப் பார்ப்போம். கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1833இல் அமைந்த சபையில் பதினைந்து பேர். தலைமை தாங்கியவர் தேசாதிபதி. ஒன்பது பேர் அரசாங்க உத்தியோகத்தர். எஞ்சிய ஆறு பேரும் உத்தியோகப்பற்றற்றவர்கள்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். இந்த ஆறு பேரையும் தேசாதிபதியே தெரிவு செய்தார். ஒன்பதுக்கு ஆறு என்ற கணக்கிலேயே முடிவு தெரிந்துவிடும். 1864இல் இராணுவச் செலவு தொடர்பான தகராறில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள், செலவு நின்றுவிடவில்லை. 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோர் இடம் கூடியது; அதுவும் நியமனமே.

தமிழருக்கான அந்த ஓர் இடத்தின் கதை சுவையானது. முதலில் அதில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். 1862இல் அவருடைய மகன் சேர் முத்துக்குமாரசுவாமி. 1879இல் அவர் இறந்த பின் அவருடைய மருமகன், அதாவது சகோதரியின் மகன், இராமநாதன். 1892இல் இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரலாகப் போன பின், அவருடைய தமையன் பொ. குமாரசுவாமி. இடையில் வேறு சிலரும் இருந்தார்கள் என்றாலும், நூற்றாண்டின் பெரும்பகுதி அந்த நாற்காலி ஒரே குடும்பத்தின் வீட்டுத் தளபாடம் போல் இருந்தது. அவர்கள் தகுதியில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தேசாதிபதி ஆங்கிலம் தெரிந்த, தமக்குப் பழக்கமான ஒருவரைத் தேடும்போது எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார் என்பது நமக்குப் புரிகிறது.

வாக்கு வந்தது தேசாதிபதி மக்கலம் காலத்தில், 1910இல் வந்த சீர்திருத்தத்தோடு. சபை இருபத்தொரு பேராக விரிந்தது. பத்து உத்தியோகப்பற்றற்றவர்களில் நால்வர் மாத்திரம் வாக்கால் தெரிவாக வேண்டும். இரண்டு இடம் ஐரோப்பியருக்கு, ஒன்று பறங்கியருக்கு, ஒன்று 'படித்த இலங்கையருக்கு'. அந்தக் கடைசி இடத்துக்கு முழு இலங்கையிலும் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் மூவாயிரம் பேர்தான்: ஆங்கிலக் கல்வியும் சொத்தோ வருமானமோ உள்ள ஆண்கள். இன்று உங்கள் கொட்டாஞ்சேனையில் ஓரிரு கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் வாக்காளர் இடாப்பில் அதைவிடக் கூடுதலான பெயர்கள் இருக்கும். 1911 டிசெம்பரில் இராமநாதனும் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டார்கள். சிங்களவரே அதிகமாக இருந்த அந்த வாக்காளர் தொகுதியில் இராமநாதன் வென்றார். மார்க்கஸ் பெர்னாண்டோ கரவா சாதியைச் சேர்ந்தவர். சிங்களவரில் வேளாளருக்கு நிகரான கொவிகமச் சாதிப் பிரமுகர்கள் பலர் அவரைவிட ஒரு தமிழ் வேளாளர் மேல் என்று கருதியதும் வெற்றிக்கு ஒரு காரணம் என்பதை நம்மவர் சொல்ல விரும்புவதில்லை. உண்மை அதுதான்.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்கால் தெரிவான முதல் இலங்கையரான அதே இராமநாதன், எல்லோருக்கும் வாக்குரிமை வழங்கும் டொனமூர் ஆணைக்குழுவின் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்து, தம் கடைசிக் காலத்தில் இலண்டன் வரை போய் வாதாடினார். 1930 நவம்பரில் காலமானார். கொட்டாஞ்சேனையில் நீங்கள் தினமும் கடந்து போகும் கருங்கல் பொன்னம்பலவாணேசர் கோயில் அவர் எடுப்பித்தது. தகப்பனார் கட்டிய கோயிலை அவர் கல்லில் புதுப்பித்த வேலை நடந்துகொண்டிருந்த காலமும் அந்த 1911தான்.

கேள்வி: முன்பு சின்னத்துக்குப் பதிலாக நிறப்பெட்டிகளில் வாக்குப் போட்டார்கள் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா? பெண்கள் எப்போது வாக்களிக்கத் தொடங்கினார்கள்?
– இல்லத்தரசி, முகத்துவாரம்

பதில்: மாமியார் சொல்வது சரி. 1931இல் டொனமூர் அரசியல் யாப்பின்படி இருபத்தொரு வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. பெண்களுக்கு முப்பது வயது என்றுதான் ஆணைக்குழு முதலில் சொல்லியிருந்தது. பிறகு அது இருபத்தொன்றாகக் குறைக்கப்பட்டது. 1924இல் சுமார் இரண்டு இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை ஒரே பாய்ச்சலில் பதினைந்து இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகச் சீட்டைக் கையில் எடுத்தவர்கள், பலருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. சீட்டை வாங்கி, மறைப்புக்குள் போய், விரும்பிய நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். புள்ளடி இடும் வழக்கமும் சின்னங்களும் 1947 தேர்தலோடு வந்தவை.

என் அப்பம்மா 1936இல் முதன்முறை வாக்களித்தபோது மறைப்புக்குள் அதிக நேரம் நின்றுவிட்டாராம். வெளியே வந்ததும் அப்பப்பா எந்த நிறம் என்று கேட்டதற்கு, 'அதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றுதானே உள்ளே திரை கட்டியிருக்கு' என்றாராம். அப்பப்பா சாகும்வரை அவருக்கு அந்த நிறம் தெரியாது.

உங்கள் பகுதிக்கு இதில் தனிப் பெருமை உண்டு. 1931இல் கொழும்பு வடக்கில் தெரிவான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் மனு ஒன்றினால் ஆசனத்தை இழந்தார். 1932இல் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து போட்டியிட்டு வென்றார், அடெலின் மொலமூரேக்கு அடுத்தபடியாக அரசாங்க சபைக்கு (டொனமூர் யாப்பின் கீழ் அமைந்த சட்டசபை) தெரிவான இரண்டாவது பெண் அவர், 1936இலும் வென்றார். கணவர் பின்னர் 1937இல் கொழும்பு மாநகரத்தின் முதலாவது மேயரானார். கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் 'பி. சரா' மைதானம் என்கிறார்களே, அது அந்த டாக்டரின் சகோதரர் பாக்கியசோதியின் பெயர்.

அதே 1931இல் யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அங்குள்ள நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. பூரண சுயராச்சியம் தராத யாப்பு வேண்டாம் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. கொள்கை உயர்ந்தது, ஆனால் அமைச்சர்கள் தெரிவான நாளில் யாழ்ப்பாணத்தின் குரல் சபையில் இல்லை.

கேள்வி: 1960களில் மத்திய கொழும்பில் எங்களுக்கு ஆளுக்கு மூன்று வாக்கு இருந்தது. மூன்றையும் ஒருவருக்கே போடலாம். இப்போதும் மூன்று எண்கள் கேட்கிறார்கள். ஆனால் இது அது இல்லை என்கிறான் மகன். விளக்குங்கள்.
– வியாபாரி, மருதானை

பதில்: மகன் சொல்வது சரி ஐயா. மத்திய கொழும்பு மூன்று உறுப்பினர் தொகுதி. டொனமூர் யாப்புக்குப் பின் வந்த சோல்பரி யாப்பின் கீழ், 1947இல் 95 பேரைத் தெரிவு செய்யத் தொகுதி பிரித்தபோது, 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கு வைத்தார்கள். பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் ஒரே தொகுதிக்கு இரண்டு, மூன்று உறுப்பினர்களை வைத்தார்கள். மூன்று வாக்கையும் ஒருவருக்கே குவிக்கலாம் என்பதால், மூன்றில் ஒரு பங்கு பலம் உள்ள சமூகமும் தன் ஆளை அனுப்ப முடிந்தது. 1947இல் உங்கள் தொகுதியில் தெரிவானவர்களைப் பாருங்கள்: ரி. பி. ஜாயா, பீட்டர் கெனமன், ஏ. ஈ. குணசிங்க. ஒரு மலாயர், ஒரு பறங்கியர், ஒரு சிங்களவர், கட்சியும் மூன்று. பிற்காலத்தில் ஆர். பிரேமதாசவும் இதே தொகுதியில் இருந்துதான் பாராளுமன்றம் போனார்.

1978 யாப்பு அதை மூடிவிட்டு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989இல்தான் அது முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் நடைமுறைக்கு வந்தது, ஏனென்றால் இடையில் 1982 டிசெம்பரில் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பழைய பாராளுமன்றத்தின் ஆயுளையே ஆறு ஆண்டு நீட்டிவிட்டார்கள். இப்போது நீங்கள் போடும் வாக்கு ஒன்றே ஒன்று, அதுவும் கட்சிக்கு. மூன்று எண்கள் விருப்பு வாக்குகள். உங்கள் கட்சிக்குக் கிடைத்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை மட்டுமே அவை தீர்மானிக்கும். ஒரே எண்ணை மூன்று முறை குத்த முடியாது.

கட்சிகளுக்கு ஆசனம் பங்கிடும் விதத்தை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். எட்டு ஆசனமுள்ள மாவட்டத்தில் 4,20,000 வாக்குகள் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். அ கட்சிக்கு 2,00,000. ஆ கட்சிக்கு 1,30,000. இ கட்சிக்கு 75,000. ஈ கட்சிக்கு 15,000. நூற்றுக்கு ஐந்து என்ற வெட்டுப்புள்ளி 21,000, ஈ வெளியே. கூடிய வாக்குப் பெற்ற அ கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். மிகுதி 4,05,000 வாக்கை எஞ்சிய ஏழு ஆசனத்தால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 57,858 வாக்கு. அதன்படி அ கட்சிக்கு மூன்று, ஆ கட்சிக்கு இரண்டு, இ கட்சிக்கு ஒன்று. ஓர் ஆசனம் மீதி. கூடிய மீதி வாக்கு (26,426) அ கட்சியிடம் இருப்பதால் அதுவும் அங்கேயே போகும். கடைசிக் கணக்கு ஐந்து, இரண்டு, ஒன்று. பாதி வாக்குக்கூட இல்லாத கட்சி எட்டில் ஐந்தைக் கொண்டுபோகிறது. விகிதாசாரம் என்று பெயர்; ஆனால் முதலாவது கட்சிக்குக் கொஞ்சம் கைநிறைய அள்ளிக் கொடுக்கும் விகிதாசாரம். வெட்டுப்புள்ளி முதலில் நூற்றுக்குப் பன்னிரண்டரையாக இருந்தது. 1988 டிசெம்பரில் வந்த 15ஆவது திருத்தத்தால்தான் ஐந்தானது. சிறு கட்சிகள் கொழும்பு போன்ற பெரிய மாவட்டங்களில் தலைகாட்ட முடிவது அதனால்தான்.

கேள்வி: தேசியப் பட்டியல் என்பது பழைய நியமன உறுப்பினர் முறையின் மறு பெயர்தானே?
– கணக்காளர், பம்பலப்பிட்டி

பதில்: நெருங்கிய உறவு உண்டு. 1947 முதல் பிரதிநிதிகள் சபையில் ஆறு பேர் நியமன உறுப்பினர்கள். வாக்கால் இடம் பெறாத நலன்களுக்காக, பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். சௌமியமூர்த்தி தொண்டமான் 1960இல் மீண்டும் பாராளுமன்றம் வந்தது இந்த வழியால். 1988இன் 14ஆவது திருத்தத்தோடு வந்த தேசியப் பட்டியலின் 29 இடங்கள், நாடு முழுவதிலும் கட்சிகள் பெற்ற வாக்கின்படி பிரிக்கப்படுகின்றன. ஆகவே எத்தனை பேர் என்பதை மக்கள் முடிவு செய்கிறார்கள், யார் என்பதைக் கட்சிச் செயலாளர் முடிவு செய்கிறார். மாவட்டத்தில் நின்று தோற்றவரையும் போடலாம் என்று சட்டமே இடங்கொடுக்கிறது. அறிஞர்களும் சிறுபான்மையினரும் வருவதற்கான வாசல் என்று சொல்லித் திறந்தார்கள். அப்படி வந்தவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை.

அந்த வாசலால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2022 சாட்சி. 2020 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒரு மாவட்டத்திலும் ஆசனம் இல்லை. கிடைத்தது ஒரு தேசியப் பட்டியல் இடம். 2021இல் அதில் ரணில் விக்கிரமசிங்க அமர்ந்தார். 2022 ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றம் 134 வாக்குகளால் அவரை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. சட்டப்படி எல்லாம் சரி.

கேள்வி: 1947இல் மலையகத்தில் இருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்களாம். 1952இல் ஒருவரும் இல்லையாம். ஐந்து ஆண்டில் என்ன நடந்தது?
– கடை ஊழியர், புறக்கோட்டை (ஊர் ஹட்டன்)

பதில்: வாக்காளரையே மாற்றினார்கள், தம்பி. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவர்களாக்கியது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். ஆனால் தொகுதி பிரிக்கும்போது சனத்தொகையில் அவர்களை எண்ணத் தவறவில்லை. உங்கள் பாட்டன் பாட்டியின் தலையை எண்ணி ஆசனம் கூட்டினார்கள். அந்த ஆசனத்துக்கு வாக்களித்தவர்கள் பக்கத்துக் கிராமத்தார். 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் தொண்டமான் வென்றபோதுதான் மலையகம் மறுபடி வாக்கால் உள்ளே வந்தது. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க வந்த முக்கியமான சட்டம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்.

கேள்வி: மகாதேசாதிபதி வெறும் அலங்காரப் பதவியா?
– சட்ட மாணவி, புதுக்கடை

பதில்: பெரும்பாலும். ஆனால் 1960 ஏப்ரலை மறக்க வேண்டாம். மார்ச் தேர்தலில் அறுதிப் பெரும்பான்மை இல்லாமல் அமைந்த டட்லி சேனநாயக்காவின் அரசு, தன் கொள்கையைச் சபையில் அறிவிக்கும் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் தோற்றது. எதிர்க்கட்சியை அழைப்பதா, சபையைக் கலைப்பதா என்ற கேள்வி மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்காவின் மேசைக்கு வந்தது, அவர் கலைத்தார். ஜூலைத் தேர்தலில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி வென்றது. 1962இல் அவருடைய இடத்துக்கு வில்லியம் கோபல்லாவ வந்தார். 1972 மே 22இல் குடியரசானபோது அவரே முதலாவது ஜனாதிபதியானார், அதிகாரமில்லாத ஜனாதிபதி.

கேள்வி: மாகாண சபைக்கு நாம் வாக்களிக்கிறோம், ஆளுநரை ஏன் ஜனாதிபதி நியமிக்கிறார்? பிடிக்காத ஆளுநரை மாகாண சபை நீக்க முடியுமா? தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் ஆளுநர் பிரச்சினை பற்றித் தினமும் பேசுகிறார்கள், இரண்டும் ஒன்றா?
– யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் வசிப்பவர்

பதில்: 1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தமும் அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் இந்தியாவின் மாநில அமைப்பைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கேயும் ஆளுநரைக் குடியரசுத் தலைவரே நியமிக்கிறார். அந்த முறை பிரித்தானிய இந்தியாவின் எச்சம். ஆக, நம்மிடமிருந்து 1948இல் விடைபெற்றுப் போன தேசாதிபதி, புதுடில்லி வழியாக, தமிழில் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

பதவிக்காலம் ஐந்து ஆண்டு. ஆனால் ஜனாதிபதி விரும்பும் வரைதான் அவர் பதவியில் இருக்கலாம். 2024 செப்டெம்பரில் புதிய ஜனாதிபதி பதவியேற்ற சில நாட்களுக்குள் ஒன்பது மாகாணங்களுக்கும் புதிய ஆளுநர்கள் சத்தியப்பிரமாணம் செய்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாகாண சபை ஆளுநரை நேரே நீக்க முடியாது. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறினார், ஊழல் அல்லது அதிகாரத் துஷ்பிரயோகம் செய்தார் போன்ற காரணங்களைக் காட்டி, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்றி, அவரை நீக்குமாறு ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்லலாம். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது காரணமாகாது.

முதலமைச்சரைத் தெரிவு செய்வதில் ஆளுநரின் கை குறுகியது. ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் உறுப்பினர் இருந்தால் அதன் தலைவரையே நியமிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பான்மை ஆதரவைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதுபவரை நியமிக்கலாம். முதலமைச்சரோடு சேர்த்து ஐந்து பேருக்கு மேற்படாத அமைச்சர் வாரியம். அவர்களுடைய ஆலோசனைப்படி ஆளுநர் நடக்க வேண்டும். ஆனால் தற்றுணிபுக்குரிய விடயம், அதாவது ஆலோசனையின்றித் தாமே முடிவெடுக்கக்கூடிய விடயம், எது என்பதில் ஆளுநர் சொன்னதே முடிவு என்றும், அந்தத் தற்றுணிபை ஜனாதிபதியின் பணிப்பின்படி பயன்படுத்த வேண்டும் என்றும் 154ஊ உறுப்புரை சொல்கிறது. மாகாணத்துக்கும் மத்திக்கும் நடுவில் நிற்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதை அந்த இரண்டு வரிகளும் தெளிவாக்கிவிடுகின்றன. மாகாண அரச சேவையில் நியமனம், இடமாற்றம் ஆகியவையும் சட்டப்படி அவருடைய கையிலேயே தொடங்குகின்றன.

வடக்கில் இது எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38இல் 30 ஆசனங்களைப் பெற்றது. ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜீ. ஏ. சந்திரசிறி, முதலமைச்சரானவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன். அவர் ஆளுநர் முன்னிலையில் அல்லாமல் அலரி மாளிகையில் ஜனாதிபதி முன்னிலையில் பதவிப் பிரமாணம் செய்தார். அப்போது அதைச் சரணாகதி என்று திட்டியவர்களும் உண்டு, இராணுவ ஆளுநரைப் புறக்கணித்த இராஜதந்திரம் என்று மெச்சியவர்களும் உண்டு. எதிரில் இருந்தவர் யார் முகவர் என்று தெரிந்திருந்தால் முகவரை விட்டு முதலாளியிடம் போவது தவறென்று எனக்குப் படவில்லை.

தமிழ்நாட்டு ஒப்பீடு ஓரளவுக்குத்தான் பொருந்தும். அங்கே சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் ஆண்டுக்கணக்கில் கிடந்ததே வழக்கானது. இங்கே மாகாண சபை இயற்றும் நியதிச்சட்டத்தை ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் ஒன்றில் சம்மதம் கொடுக்க வேண்டும், அல்லது ஜனாதிபதியின் ஊடாக ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பச் செய்ய வேண்டும். அரசியலமைப்புக்கு முரணில்லை என்று நீதிமன்றம் சொன்னால் அவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும். இந்த ஒரு விடயத்தில் நமது சட்டம் அவர்களுடையதைவிடச் செம்மை.

செம்மையான சட்டத்தைப் பயன்படுத்தச் சபைதான் இல்லை. கிழக்கு உட்பட மூன்று சபைகள் 2017இலும், வடக்கு 2018 ஒக்டோபரிலும், நமது மேல் மாகாணம் 2019 ஏப்ரலிலும் காலாவதியாகின. கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்தது. 2017இல் தேர்தல் முறையைத் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விட்டபோது ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்த அதிசயத்தைச் சபை கண்டது. அதன்பின் மீளாய்வுக் குழுவின் வேலை முடியவில்லை. பழைய முறை நீங்கிவிட்டது, புதிய முறை பிறக்கவில்லை. பழைய முறையை மீட்க ஒரு திருத்தச் சட்டம் போதும். பாராளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே அதற்குப் போதுமானது. அதுவரை ஒன்பது மாகாணங்களையும் சபையின்றி ஆளுநர்களே நடத்துகிறார்கள். 1833க்கு முந்திய தேசாதிபதி இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் அவருக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகப் பழைய சட்டசபைக் கட்டடங்களைப் பார்க்க வேண்டும். எங்கே இருக்கின்றன?
– தரம் 11 மாணவி, மட்டக்குளி

பதில்: இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம், மகள். கோட்டையில் இன்று வெளிவிவகார அமைச்சு இயங்கும் குடியரசுக் கட்டடத்தில்தான் சட்டநிரூபண சபை கூடியது. பிறகு 1947 முதல் 1971இல் ஒழிக்கப்படும் வரை முப்பது பேர் கொண்ட செனற் என்ற மேல்சபை அங்கே இருந்தது. அங்கிருந்து காலி முகத்திடல் நோக்கி நடந்தால், கடலைப் பார்த்தபடி உயர்ந்த தூண்களோடு ஒரு கட்டடம் நிற்கும். 1930இல் தேசாதிபதி ஸ்டான்லி திறந்துவைத்தது. 1982இல் கோட்டேக்குப் பாராளுமன்றம் போகும் வரை செனற் தவிர்ந்த எல்லாச் சபைகளும் அங்கேதான் கூடின. இப்போது ஜனாதிபதி செயலகம். இரண்டுக்குள்ளும் அனுமதியின்றிப் போக முடியாது. படம் எடுப்பதற்கு முன் வாசலில் நிற்கும் காவலரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். வெயில் ஏறுமுன் போனால் தூண்கள் படத்தில் நன்றாக விழும்.